கால் படாத மண்ணில் ஓர் அடுப்பு

"எங்கட வீட்டு அடுப்பு வடதுருவத்துக் கடலடி மண்ணில செய்தது. இருபதினாயிரம் வருசப் பழசு. இந்த உலகத்தில ஒரு மனுசன்ர கால் படாத மண்."

உருத்திரபுரம் கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்றபடி கமலாசனி இதைச் சொன்னார். சொன்ன உரத்துக்குப் பரந்தன் வெளியில் மேய்ந்த மாடுகளெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்திருக்கும். மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பாதி ஊரும் போத்தலும் கையுமாக அங்கே நின்றது. அத்தனை போத்தல்களும் ஒருமுறை திரும்பின.

"அந்த அடுப்பில வைச்சால் சோறு வேகுமோ, உறையுமோ மச்சாள்?" என்றது ஒரு குரல்.

"துருவத்தில சீனி இருந்தால் அதிலயும் ஒரு கிலோ சொல்லி விடுங்கோ" என்றது இன்னொன்று.

தாய்க்குப் பின்னால் நின்ற தயாபரன் பல்லைக் கடித்தான். கடித்த கடியில் இரண்டு கடைவாய்ப் பற்கள் தேய்ந்தே போயின. அந்த ஆத்திரத்தில் சங்கக்கடைக் கூரையைத் தனியாளாகக் கழற்றிக் கிளிநொச்சிச் சந்தையில் கொண்டுபோய்ப் போட்டிருப்பான். அம்மா பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது. அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வயிற்றெரிச்சல் அதுதான்.

ஊர் சிரித்தது, சிரித்துவிட்டு நம்பியும் விட்டது. வற்றாப்பளை அம்மன் கோவிலில் கடல் தண்ணீரில் விளக்கெரிகிறது என்று கையெடுத்துக் கும்பிடும் சனத்துக்குக் கடல் மண்ணில் அடுப்பெரிவது ஒரு பெரிய காரியமா? நம்பாமல் நின்றவர் ஒரேயொருவர். கமலாசனியின் தமையன் சின்னராசா. நீர்ப்பாசனத்தில் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். மழை பெய்கிறது என்று சொன்னாலும் கையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "ஆரோ தண்ணி ஊத்துறாங்கள்" என்று சொல்லக்கூடியவர்.

"நோர்வேயில எங்கட பொடியள் மீன் வெட்டுறாங்கள். அது எனக்குத் தெரியும்" என்றார் வரிசையின் முன்னாலிருந்து. "உவன் உன்ர மகன் மட்டும் சேறு வெட்டுறானாம். கமலம், உது சுண்டிக்குளத்துச் சேறு. நான் காலம் முழுக்க மண்ணைப் பார்த்தவன்."

"அண்ணை, உங்களுக்கு மண் தெரியும். கடல் தெரியுமோ?"

"சேறு சேறுதான். ஐசுக்குள்ள கிடந்தால் என்ன, ஆனையிறவுக்குள்ள கிடந்தால் என்ன."

தயாபரனுக்கு இந்தக் கதையை முதலிலிருந்து யாருக்காவது சொல்லவேண்டும்போல் இருந்தது. ஆனால் கேட்கிறவன் சிரிக்காமல் கேட்கவேண்டும். அப்படியொருவன் வன்னியில் அன்று இருக்கவில்லை.

கதை இதுதான். கடலின் அடியில் மண் படிந்துகொண்டே இருக்கிறது, துடைக்காத அலுமாரியில் தூசு படிவதுபோல. மேலே கிடப்பது நேற்றையது. கீழே போகப் போகப் பூட்டன் காலத்தது, அதற்கும் கீழே பூட்டனுக்குப் பூட்டன் மரத்தில் தொங்கிய காலத்தது. கப்பலில் இருந்து நீளக் குழாயொன்றை இறக்கினால் அந்த அடுக்குக் குலையாமல் மண்ணை உருவி எடுக்கலாம். அதற்குள் தூசியிலும் சிறிய சங்குகள் கிடக்கும். கடல் பனியால் இறுக மூடிக் கிடந்த காலத்து மண்ணில் சங்குகள் குறைவு. இருப்பவையும் எல்லாம் ஒரே பக்கம் சுருண்டிருக்கும், எங்கள் கணக்கில் வலம்புரி. பனி விலகித் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் வந்த காலத்தில் இடம்புரிகள் தலைகாட்டும். முல்லைத்தீவுக் கரையில் ஒரு வலம்புரி கிடைத்தவன் பெருந்தனவான். தயாபரன் படித்த நோர்வேத் திரொம்சோவில் வலம்புரியைக் குப்பையாக அள்ளலாம். இடம்புரி கிடைத்தால்தான் பட்டம்.

தயாபரனுக்குக் கிடைத்தது. பதின்மூன்றாவது துண்டில், பனி மிகக் கடுமையாக இருந்ததாகப் படித்தவர்கள் எல்லாரும் அடித்துச் சொல்லும் காலத்து மண்ணில், இடம்புரிகளைக் கண்டான். அப்படியானால் அந்தப் பெருங்குளிரிலும் அங்கே கடல் திறந்து கிடந்திருக்கிறது. துள்ளிக்கொண்டு பேராசிரியரிடம் போனான். அவர் மூக்குக்கண்ணாடியைக் கூடக் கழற்றாமல், "கலப்படம்" என்றார். "மீதி மண்ணையும் எண்ணிப் பார். இல்லையென்றால் அந்தப் பகுதியை வெட்டிவிடு." வெட்டினால் ஆய்வேட்டில் மிஞ்சுவது அட்டை மட்டும்தான்.

அந்த மீதி மண்ணைத்தான் தயாபரன், தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பேச்சுவார்த்தைக் காலத்தில் பாதை திறந்ததும், துண்டுக்கு ஒரு பையாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு ஊருக்கு வந்தான். அம்மாவையும் பார்த்ததாகும், மாமரத்தடியில் இருந்து எண்ணி முடித்ததுமாகும் என்பது கணக்கு. வவுனியாச் சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்தவர்கள் கம்பியால் குத்திப் பார்த்தார்கள், மணந்து பார்த்தார்கள், ஒருவன் நாக்கை நீட்டியும் விட்டான். சீமெந்துக்குத் தடை, பசளைக்குத் தடை, பற்றரிக்குத் தடை. சேற்றுக்குத் தடைபோட ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. அப்படியே விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த முதல்நாள், சும்மா இருக்கமாட்டாமல் அம்மாவிடம் பீற்றிக்கொண்டான். "இது மனுசக் கால் படாத மண், அம்மா. என்ர உயிரே இதுக்குள்ளதான் இருக்கு. கவனம்."

சித்திரையில் சண்டை மூண்டு பாதை மூடிக்கொண்டது. பூவரசங்குளம் பக்கத்தால் ஒரு வழி திறக்கப்போகிறது என்று யாரோ சொன்ன கதையை நம்பி, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். வழியும் இல்லை, வழி சொன்னவனும் இல்லை. அங்கே ஒரு வாரம்போலக் காத்துக் கிடந்து, தூசி தின்று, ரியூப் வெடித்து, வைக்கோல் திணித்த சில்லோடு கடகடவென்று திரும்பினான். வளவுக்குள் நுழைந்தபோது கொடிக் கயிற்றில் அவனுடைய பொலித்தீன் பைகள் கழுவித் தொங்கின. வெயிலில் அறுக்குளா மீன்கள்போல மினுங்கின. நம்பர்கள் எழுதிய மை ஒரு சொட்டுக்கூட இல்லாமல் கழுவுப்பட்டிருந்தது.

"அம்மா, இதுக்குள்ள இருந்த மண் எங்க?"

"வா மோனே. முதல்ல தேத்தண்ணியைக் குடி."

"மண் எங்க அம்மா?"

"இஞ்சால வந்து பார்! என்ன வழுவழுப்பு! வெண்ணெய் மாதிரிக் குழையுது. இப்பிடியொரு அடுப்பு என்ர அம்மாவே போட்டிருக்கமாட்டா."

முற்றத்தில் குதிரைலாடம்போல வளைந்து, சாணி பூசி, மூன்று குமிழோடு அடுப்பு நின்றது. வடதுருவக் கடல் முழுவதும் பானை ஏற்றத் தயாராக இருந்தது. தயாபரன் அப்படியே நிலத்தில் குந்தினான். அவன் விட்ட பெருமூச்சில் கிணற்றடி வாழை இரண்டு சாய்ந்தன.

"உனக்குத்தான் நேர்த்தி" என்றார் கமலாசனி. "நீ உயிரோட வந்து சேர்ந்தால் வைகாசியில முற்றத்துப் பொங்கல் எண்டு அம்மாளுக்குச் சொன்னனான். நேர்த்தி அடுப்புக்குக் கால் படாத மண் வேணும். எப்பவும் புற்று மண்தான் எடுக்கிறது. இந்த வருசம் புற்றெல்லாம் மாடு உழக்கிப்போட்டுது. கால் படாத மண்ணுக்கு நான் எங்க போறது? நீதானே வாயால சொன்னாய்."

"நான் சொன்னது வேற அம்மா!"

"கால் பட்டதோ, படேல்லையோ?"

"படேல்லை."

"பிறகென்ன?"

திரொம்சோவில் ஏழு பேராசிரியர்கள் சேர்ந்து கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னவன், இந்த ஒரு கேள்விக்கு அடுப்பை இடிக்க அலவாங்கைத் தேடினான்.

"தொட்டுப் பார்!" கமலாசனி குறுக்கே வந்து நின்றார். "பொங்காத அடுப்பை இடிக்கிறதோ? அம்மாள் குடும்பத்தோட கொண்டுபோவா. பொங்கி முடிய என்னவாவது செய்."

சங்கக்கடையில் ஊர் சிரித்த அன்று மாலை சின்னராசா வந்து அடுப்பைச் சுற்றி நடந்து பார்த்தார். அறிக்கை எழுதவந்த அதிகாரிபோல இருமினார். "சுண்டிக்குளம்" என்றார் மறுபடியும். "சரி, நீ சொல்லுற மாதிரியே இருக்கட்டும். எல்லாத்தையும் ஒண்டாக் குழைச்சாச்சு. இனி எது பூட்டன், எது பேரன் எண்டு எப்பிடிப் பிரிப்பாய்?"

அந்தக் கேள்விதான் தயாபரனின் நெஞ்சிலும் முள்ளாக நின்றது. மண் போகவில்லை, அடுக்குப் போய்விட்டது. அடுக்குப் போன மண் வெறும் சேறுதான். மாமா சொல்வது சரி. மாமா சொல்வது சரியாக இருப்பது அவனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"ஆர் ஒண்டாக் குழைச்சது?" என்றார் கமலாசனி குசினிக்குள் இருந்து. "ஒண்டாக் குழைச்சு அடுப்புப் போடுறவளுக்கு அடுப்புப் போடத் தெரியாது. ஒரு வரி வைச்சுக் காயவிட்டுத்தான் மற்ற வரி. இல்லாட்டி முதல் நெருப்பிலயே வெடிக்கும். ஒரு வரிக்கு ஒரு பை."

தயாபரன் மெல்ல எழுந்தான். "எந்தப் பையை முதல் எடுத்தனீங்கள்?"

"மேல இருந்ததை. நான் என்ன நடுவில கையை விட்டு உருவுவனோ?"

பெட்டியில் அவன் அடுக்கியது மேலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான். அப்படியானால் அடுப்பின் அடிவரி நேற்றையது. மேலே போகப் போகப் பழையது. கடல் தலைகீழாக நின்றது, ஆனால் அடுக்குக் குலையாமல் நின்றது! பதின்மூன்றாவது பை பதின்மூன்றாவது வரி. தயாபரன் அம்மாவைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். அதே வேகத்தில் இன்னொன்றும் உறைத்தது. பதின்மூன்றாவது வரி அடுப்பின் மேற்பகுதி. நெருப்பு அடித்து நக்கப்போகும் இடம்.

பொங்கலன்று அவன் பட்ட பாட்டை எழுதினால் ஏழு கொப்பி காணாது. அம்மா விறகைச் செருகச் செருக அவன் இழுத்தான். "காணும் அம்மா, காணும்." "அரிசி வேகவேண்டாமோ?" பாலைக்கட்டை சுடர்விட்டு எரிந்தது. சாதாரண நெருப்பு இல்லை. இரணைமடுக் குளத்தையே கொதிக்கவைத்து ஆவியாக்கிவிடக்கூடிய நெருப்பு. சின்னராசா கதிரையைப் போட்டு இருந்து பொங்கற் புக்கைக்காகக் காத்திருந்தார்.

"பாரடா, உன்ர பனி உருகுது."

"மாமா, வாயை மூடிக்கொண்டிருங்கோ."

"இருபதினாயிரம் வருசம் உறைஞ்சது, என்ர தங்கச்சியின்ர புக்கைக்கு உருகுது."

பொங்கி வழிந்தது. கமலாசனி குரவையிட்டார். தயாபரனும் கும்பிட்டான், அடுப்பின் முதுகைப் பார்த்துத்தான் கும்பிட்டான். வாய்ப்பக்கம் செங்கல்லாகச் சுட்டுச் சிவந்திருந்தது. முதுகுப்பக்கம் இன்னும் பச்சை மண்ணாகவே இருந்தது.

அம்மா கைகாட்டியதும் வேலை தொடங்கியது. குழாய் வேண்டும். குழாய்க்கு எங்கே போவது? சின்னராசா தன்னுடைய சைக்கிள் பம்பை எடுத்துவந்தார். அந்தக் காலத்தில் ஒரு பம்பைக் கொடுப்பது ஒரு பசுவைக் கொடுப்பதுபோல.

"இந்தா. பொய்யெண்டு ஊருக்குத் தெரியவேணும். அதுக்கு ஒரு பம்ப் போனால் போகட்டும்."

பம்பின் அடியைக் கழற்றி, குழாயை அடுப்பின் மேலிருந்து கீழே திருகி இறக்கினான். பாதியில் 'படார்' என்று ஒரு பக்கம் உதிர்ந்து தூளாகியது. காய்ந்த மண். தயாபரன் தலையில் கைவைத்தான். பிறகு ஈரச்சாக்கை இரண்டு நாள் போர்த்து, மண் இளகியதும் இன்னோரிடத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறக்கினான். இந்தமுறை முழுதாக வந்தது. பம்பின் தண்டாலேயே பின்னாலிருந்து தள்ள, கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு நீளப் பிட்டு மெதுவாக வெளியே வந்தது. வரி வரியாக, தெளிவாக.

வெட்டி, ஊறவைத்து, அம்மா மண்ணோடு சேர்த்துக் குழைத்த உமியை மிதக்கவிட்டு, சின்னராசாவின் மனைவி சிவலட்சுமி மாமியின் நைலெக்ஸ் சேலையை நாலாய் மடித்து அதில் அரித்தான். ("என்ர மறுவீட்டுச் சேலை தம்பி!" "உங்கட சேலையில வடதுருவம் படியுது மாமி." "அப்ப கவனமாக் கசக்கு.") அடியில் தங்கியதைப் பீரிசுத் தட்டில் உலர்த்திக்கொண்டு நிமிர்ந்தபோது சோழகக் காற்று வீசியது. வைகாசிச் சோழகம் தென்னையைக் கழற்றி இன்னொரு வளவில் நடும். பீரிசில் இருந்த ஆயிரம் வருசம் பறந்துபோய்ப் பூவரச மரத்தடியில் விழுந்தது. அதைக் கோழிகள் கொத்தின. தயாபரன் கத்திய கத்தில் கோழிகள் அந்த மாதம் முட்டையிடவில்லை.

மறுபடி பம்ப், மறுபடி சாக்கு, மறுபடி சேலை. இந்தமுறை படக்கண்ணாடியைத் துண்டுகளாக வெட்டி, விளாம்பிசின் பூசி, அதன்மேல் சங்குத் தூளைத் தூவி ஒட்டினான். சோழகம் வந்து பார்த்துவிட்டுப் போனது. பலிக்கவில்லை.

நோர்வேயிலிருந்து கொண்டுவந்த சின்ன நுணுக்குக்காட்டியை முற்றத்தில் வைத்து, அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைச் சாய்த்து விழுத்தினான். பதின்மூன்றாவதைப் பார்த்தான். இடம்புரிபோல இருந்தது. இன்னொருமுறை பார்த்தான். வலம்புரிபோல இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தான். எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. ஆசை கண்ணை மறைக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை பாடுபட்டவன் ஓட்டைப் பானையிலும் இடம்புரி காண்பான். அவனுடைய எண்ணிக்கை அவனுக்கே செல்லாது. பேராசிரியருக்கு எப்படிச் செல்லும்? இல்லை என்று சொல்லத் துடிக்கிற ஒருவன் எண்ணவேண்டும். அப்படியான ஆளை உலகம் முழுக்கத் தேடினாலும் சின்னராசாவைவிட ஒருவர் கிடைக்கமாட்டார்.

அதுமட்டுமா? இளவயதில் ஒரு யாவாரியிடம் வலம்புரி என்று வாங்கிய சங்கு, ஒரு மழையில் நனைந்ததும் இரண்டாகக் கழன்று விழுந்த நாளிலிருந்து சின்னராசா சுருள் விசயத்தில் பருந்து. முறுக்கைக்கூட எந்தப் பக்கம் சுற்றியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கடிப்பார்.

"மாமா, நீங்கள் எண்ணுங்கோ. இல்லையெண்டால் இல்லை. அந்தப் பகுதியை வெட்டிப்போட்டு நான் பேசாமல் மீன் வெட்டப் போறன்."

"கையெழுத்துப் போட்டுத் தருவியோ?"

"அம்மாவுக்கு முன்னால சொல்லுறன், காணாதோ?"

கண்ணாடித் துண்டுகளின் மூலையில் தயாபரன் கீறியிருந்த குறி எந்த வரியைக் காட்டுகிறது என்று மாமாவுக்குத் தெரியாது. எந்தத் துண்டு எப்போது போகிறது என்று தயாபரனுக்குத் தெரியாது. அம்மா கலைத்துக் கலைத்து நீட்டினார், அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வேலியைப் பார்த்து நின்றான். மாமாவுக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டை, ஒரு தகரப்பேணி, ஒரு குவியல் புளியங்கொட்டை. வலம்புரிக்குச் சிரட்டையில் ஒரு கொட்டை, இடம்புரிக்குப் பேணியில்.

வேலிக்கு அப்பால் சங்கக்கடை வரிசை முழுவதும் வந்து நின்றது. மண்ணெண்ணெயை விட்டுவிட்டு வந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

டொக். டொக். டொக். சிரட்டை.

"எல்லாம் ஒரே சாமான்தான்" என்றார் சின்னராசா, மிகவும் திருப்தியாக. "அடுத்ததைத் தா கமலம்."

டொக். டொக். இன்னொரு துண்டு. டொக். இன்னொன்று. மாமா கொட்டாவி விட்டார். அந்தக் கொட்டாவிக்குள் ஒரு லொறி போய்த் திரும்பியிருக்கும். பேணி மௌனமாக இருந்தது. சிரட்டை நிறைந்து வழிந்தது. தயாபரன் மனதுக்குள் மீன் வெட்டத் தொடங்கிவிட்டான்.

அடுத்த துண்டு.

மாமாவின் கதிரை கிறீச்சிட்டு முன்னால் நகர்ந்தது.

"என்ன அண்ணை?"

"சும்மா இரு. ஆரோ நிழல் விழுத்துறாங்கள். அங்கால தள்ளுங்கோ."

கிணிங்.

தயாபரன் திரும்பவில்லை. கழுத்து திரும்பப் பார்த்தது; பிடித்து நிறுத்தினான்.

கிணிங். டொக். கிணிங். கிணிங்.

"ஆரடா இதுக்குள்ள வேற மண்ணைப் போட்டது?" சின்னராசாவின் குரல் கீச்சிட்டது. "கமலம், நீ கரைக் கடல் மண் ஏதும் கலந்தனியோ?"

"நேர்த்தி அடுப்புக்குக் கால் பட்ட மண்ணைக் கலப்பனோ? வாயை அளந்து கதையுங்கோ."

மாமா கண்ணாடித் துண்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். வெயிலை மறுபக்கத்தால் விழுத்தச் சொல்லிப் பார்த்தார். சால்வையால் கண்ணைத் துடைத்து, மற்றக் கண்ணாலும் பார்த்தார். பேணியைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, முதலிலிருந்து தொடங்கினார். மறுபடியும் கிணிங், கிணிங். அவருக்கு எவ்வளவு விருப்பமில்லையோ அவ்வளவு துல்லியமாக.

"உந்த மூலையில கீறியிருக்கிறது என்ன குறி?"

தயாபரன் அப்போதுதான் திரும்பி வந்து குனிந்து பார்த்தான். "பதின்மூண்டு, மாமா."

"நீ சொன்ன அதே பையோ?"

"அதே பை."

சின்னராசா நுணுக்குக்காட்டியைப் பார்த்தார். தங்கச்சியைப் பார்த்தார். முதுகில் இரண்டு ஓட்டையோடு நின்ற அடுப்பைப் பார்த்தார். வேலிக்கு அப்பால் நின்ற ஊரைப் பார்த்தார். ஒரு ஓவசியர் குளத்துத் துருசுக் கதவைத் திறக்கச் சொல்லிக் கத்தும் குரல் அவரிடம் இருந்தது. அதை எடுக்காமல், மெதுவாகச் சொன்னார்.

"எழுதடா. அந்தக் குளிரிலயும் கடல் திறந்துதான் கிடந்திருக்கு. சின்னராசா கண்ணால கண்டவர் எண்டு எழுது... ஓம், நடந்ததுதான்."